பதினேழாவது ஒலிப்பதிவு

சத்துவாச்சாரியில் வாடகை அறை. மார்ச் கடைசி.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும்.
இல்லையென்றால் அதன் இரைச்சல்
பேரணாம்பட்டு ஒன்பதாம் வகுப்பின்மேல் ஏறிக்கொள்கிறது.

ஒரு நிமிடப் பேச்சை எழுதி முடிக்க
எனக்கு ஏழு நிமிடம்.
அரை நொடி மௌனத்துக்கு ஒரு புள்ளி.
சிரிப்புக்கு நட்சத்திரம்.
ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு விழுந்தால்
இரண்டு வரியையும் கொக்கியால் கோக்க வேண்டும்.
இந்த விதிகளை வகுத்தவர்
எங்கள் ஊர் வகுப்பறையில் உட்கார்ந்ததே இல்லை.
பக்கம் முழுக்கக் கொக்கி.

நீரின் கொதிநிலை என்ன?
நூறு டிகிரி.
சத்தமா.
நூறு டிகிரி.
ஃபர்ஹீன், நீ சொல்லு.
. . . . . . . .
உக்காரு.

ஏழு வாரத்தில் அவள் பெயருக்கு நேரே சேர்ந்தவை
நூற்று முப்பத்தொரு புள்ளி,
ஓர் இருமல்.
அவளுக்கென்று ஒரு சொல்லும் செய்து வைத்திருந்தேன்:
குறைமொழிப் பங்கேற்பு.
முன்வரைவில் அதைப் பார்த்த வழிகாட்டி
பென்சிலால் அடிக்கோடிட்டு
நன்று என்று எழுதியிருந்தார்.

பிறகு இது. பதினேழு.
கருவியை நிறுத்த மறந்து
நான் டீ குடிக்கப் போயிருந்த மதியம்.
டிபன் பாக்ஸ் மூடிகள். பெஞ்சு இழுபடும் ஓசை.
தோல் மண்டிப் பக்கம் பின்னோக்கி வரும் லாரி.
அப்புறம் ஒரு குரல்.
யாருடையது என்று அறிய
மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

"நான்தான் ஆராய்ச்சி மேடம். உக்காரும்மா.
வீட்ல என்ன மொழி பேசுவீங்க?
உண்மையைச் சொல்லணும், சரியா?"

என்னுடைய சரியா.
கடைசியில் கொஞ்சம் தூக்கி,
தூக்கிய இடத்தில் கொஞ்சம் காத்திருந்து.
நான் அப்படித்தான் பேசுகிறேன் என்று
முப்பத்திரண்டு வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

எதிரே ஃபர்ஹீனாக உட்கார்ந்திருப்பவள் நாகவேணி,
வீட்டில் தெலுங்கு.
"அம்மாகிட்ட உருது மேடம்."
"அப்பாகிட்ட?"
"அப்பா ஷூ கம்பெனிலேர்ந்து வந்தா தூங்குவாரு மேடம்."
"தூங்குறது எந்த மொழியிலம்மா?"
* * * * *
"இங்க ஒரு கோடுதான் போட்டிருக்கு. தாய்மொழி. ஒண்ணு சொல்லு."
"நக்கோ மேடம்."
"நக்கோவா? அது ஃபார்ம்ல இல்லையே, சரியா?"

பதினொரு நிமிடம்.
சில்லறை தராத கண்டக்டர், வட்டிக்காரம்மா,
கடைசியில் கொதிநிலை சார்.
ஆளுக்கு ஆள் மொழி மாறுகிறது,
மாறிய இடத்தில் தையல் தெரியவில்லை.
"வந்துகினு இருக்குது சார் கொதிநிலை,
பஸ் ஸ்டாண்டாண்ட நிக்குது."

எழுதி முடித்தபோது இரவு இரண்டு.
மின்விசிறியைப் போட மறந்திருந்தேன்.
படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.
அவளுடைய அம்மாவின் கையெழுத்துக்கு மேலே
என் கையெழுத்தில்:
வகுப்பு நேரத்தில் மட்டும்.

மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் அவளிடம் சொன்னேன்,
கேட்டுவிட்டேன், தெரியாமல், எல்லாவற்றையும்.
முகம் வெளிறிவிட்டது.
தூரத்தில் யாரோ பெல்லை அடித்து அடித்துப் பார்த்தார்கள்.
நான் எண்ணவில்லை,
எண்ணக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.
பிறகு மெல்ல,
"அழிச்சிடுங்க மேடம்," என்றாள்.
போக எழுந்தவள் திரும்பி,
"சரியா?"

அழித்துவிட்டேன்.
குறைமொழியையும் அடித்துவிட்டேன்.
இந்த வாரம் வரைவு திரும்பி வந்திருக்கிறது:
ஏன் நீக்கினாய், சான்று எங்கே?
ஓரத்தில் பென்சில் கேள்விக்குறி.

அதற்கு நேரே
எட்டுப் புள்ளி வைத்து
அனுப்பியிருக்கிறேன்.